செஞ்சாயப் பூச்சியை வளர்த்தெடுத்தவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இயற்கைச் சாயங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், கொச்சினீல் பூச்சி தரும் சிவப்புக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தது மிகுந்த மகிழ்ச்சியளித்தது. ஆனால், அச்சாயத்தை மெக்சிகோவில் ஸ்பானியர்கள் கண்டுபிடித்தார்கள் என்று அதில் வரும் ஒரு வரியை அப்படியே கடந்து போக மனம் ஒப்பவில்லை. பட்டுக்கும் கம்பளிக்கும் பூச்சிச் சாயம் ஏற்றுவதே என் தொழில். அந்த வரி யாருடைய உழைப்பை மறைத்துவிடுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

1521இல் அஸ்டெக் தலைநகர் ஸ்பானியர் வசமாவதற்கு வெகுகாலம் முன்பே, தெற்கு மெக்சிகோவில் இன்றைய ஒஹாக்கா பகுதியின் மிக்ஸ்டெக், சபோடெக் குடியானவர்கள் இப்பூச்சியை வளர்த்து வந்தார்கள். அஸ்டெக் அரசுக்குச் செலுத்த வேண்டிய திறைப் பட்டியலில், தங்கத்தோடும் போர்வைகளோடும் கொச்சினீல் மூட்டைகளும் இடம்பெற்றிருக்கின்றன. காட்டில் தானாகக் கிடந்ததைப் பொறுக்கி வந்து கட்டிய மூட்டைகள் அல்ல அவை.

சப்பாத்திக்கள்ளி மடலில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சி வாழும் பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. நீளம் அரை சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். மேலே மாவு தூவியது போல வெள்ளை மெழுகு படிந்திருக்கும். நகத்தால் நசுக்கினால் கருஞ்சிவப்புச் சாறு கசியும். அந்தச் சாற்றில் எலுமிச்சைச் சாறு பட்டால் ஆரஞ்சு நிறமாகும், சோடா உப்புக் கரைசல் பட்டால் ஊதாவாகும், படிகாரம் ஏற்றிய கம்பளியில் இறங்கினால் ஆழ்ந்த சிவப்பாகி நிற்கும். கார்மினிக் அமிலம் எனப்படும் இப்பொருள் இப்பேரினத்தின் காட்டுப் பூச்சிகளிடமும் உண்டு. ஆனால், ஒஹாக்காவின் வளர்ப்புப் பூச்சி அவற்றைவிட உருவில் பெரியது. மெழுகு குறைவு, சாயம் மிகுதி. உலர்ந்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாயமே. மேல்மெழுகு மெலிந்துபோனதால் மழையையும் உறைபனியையும் அதனால் தாங்க முடியாது. ஆகவே மழைக்காலத்தில் பூச்சியோடு மடல்களை வெட்டி வீட்டுக்குள் கொண்டுபோய்க் காப்பதும், முட்டையிடும் தாய்ப்பூச்சிகளை நாரால் செய்த சிறு கூடுகளில் இட்டுப் புது மடல்களில் பொருத்துவதும், அவற்றைத் தின்னவரும் பிற பூச்சிகளை நாள்தோறும் பொறுக்கி எடுப்பதும் அந்தக் குடும்பங்களின் அன்றாட வேலையாக இருந்தன. ஒரு கிலோ உலர்ந்த சரக்குக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூச்சிகள் வேண்டும். பல தலைமுறைகள் நல்ல பூச்சியைத் தேர்ந்து தேர்ந்து வளர்த்திராவிட்டால், கப்பலேற்றுவதற்கு ஸ்பானியர்களுக்கு அங்கே எதுவும் இருந்திருக்காது.

ஸ்பானியர்கள் செய்தது வணிகம். மெக்சிகோவின் ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இச்சாயத்துக்கு இருந்தது. அதன் மூலத்தை அவர்கள் பொத்திக் காத்ததால், இது விதையா பூச்சியா என்று ஐரோப்பியர்கள் நெடுங்காலம் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பூச்சி கைக்கு வந்தால் மட்டும் போதாது என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்றுகள் உண்டு. 1777இல் தியரி த மெனோன்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒஹாக்காவிலிருந்து பூச்சியையும் கள்ளியையும் இரகசியமாகக் கடத்தி, இன்றைய ஹைட்டியில் வளர்க்க முற்பட்டார். 1780இல் அவர் இறந்தபின் அந்த நல்ல இனம் அங்கு நிலைக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் நம் சென்னையிலேயே இதே கனவு முளைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்து சேர்ந்ததோ வேறொரு இனம். அது போதிய சாயம் தரவில்லை, கள்ளியைத்தான் அழித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் பரவிக் கிடந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை ஒழிப்பதற்கென்றே அதே பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். கள்ளியும் கப்பலும் பணமும் இருந்தும் கம்பெனிக்கு வாய்க்காதது, ஒஹாக்கா குடியானவர்கள் பேணி வைத்திருந்த இனமும் அவர்களுடைய கைத்தேர்ச்சியும்தான். இந்த நிகழ்ச்சி நம் ஊரில் நடந்திருந்தும் கட்டுரையில் இடம்பெறாதது வருத்தமளிக்கிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி அரக்குச் சாயத்தைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அரக்குப் பூச்சி ஒட்டிய குச்சிகளைப் புரசு, இலந்தை மரக்கிளைகளில் கட்டிப் பூச்சியைப் பரப்பும் சோட்டா நாக்பூர்ப் பழங்குடியினரின் வேலையை அதில் விரிவாக எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கூடவே, சென்ற இதழின் அந்த வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிட்டு, அதில் மிக்ஸ்டெக், சபோடெக் மக்களின் பெயர்களைக் குறிப்பிட்டால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி