நெட் போயிடுச்சும்மா என்றாய்

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மற்ற சேதிகளைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் உன் லேப்டாப்.

போன செவ்வாய் ராத்திரி 11.40-க்கு "நெட் போயிடுச்சும்மா, சரி பண்ணிட்டுக் கூப்பிடுறேன்" என்று ஒரு வரி போட்டு, கூடவே ஸ்கிரீனைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். இன்றோடு 9 நாள். 9 நாளாகச் சரியாகாத நெட் என்றால் அதை ஒழுங்கு முறையாகத்தான் பார்க்க வேண்டும். மெசேஜில் எழுதினால் பாதி படித்துவிட்டு மேலே தள்ளிவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதிப் பார்சலோடு வைக்கிறேன்.

எங்கே அறுந்தது என்று தெரியாமல் எதையும் ரீசெட் செய்யாதே. கம்ப்யூட்டர் லேபில் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், உனக்கும் சொல்லியிருப்பேன். லேப்டாப்பிலிருந்து ரூட்டர் வரை ஒரு கண்ணி, ரூட்டரிலிருந்து வெளியே ஒரு கண்ணி, பெயரை எண்ணாக மாற்றுவது ஒரு கண்ணி, கடைசியில் அந்தப் பக்கம் இருக்கிற கணக்கு உன்னை உள்ளே விடுவது ஒரு கண்ணி. எந்தக் கண்ணி விட்டுப்போனாலும் நாம் சொல்வது ஒரே வார்த்தைதான், நெட் போயிடுச்சு.

முதல் சோதனை போனில். அதே வைஃபையில் போனைச் சேர்த்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பார். டேட்டாவை அணைப்பது முக்கியம். வைஃபையில் நெட் வராவிட்டால் போன் சத்தமில்லாமல் சிம்முக்குத் தாவிவிடும். நீயும் போனில் நெட் வருகிறது, ரூட்டர் நன்றாக இருக்கிறது என்று நினைத்து லேப்டாப்பைப் போட்டுக் குடைந்துகொண்டிருப்பாய். பாதிப் பேர் தடம் மாறுவது இந்த இடத்தில்தான்.

போனிலும் வரவில்லை என்றால் ரூட்டர் பெட்டியைப் பார். எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், அல்லது சிமிட்டினால், ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது போகாது. பச்சை முனை கொண்ட அந்த மெல்லிய வயர் நன்றாக அழுந்தியிருக்கிறதா, கட்டில் காலுக்கு அடியில் மடங்கிக் கிடக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கம்பெனிக்குச் சொல்லு. முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோகாதே. உள்ளே வருவது 1490 நானோமீட்டர் லேசர், கண்ணுக்குத் தெரியாது.

போனில் வந்து லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் ஏரோப்ளேன் மோடைப் பார். திங்க்பேட் என்றால் எஃப்8 விசை, ஹெச்பி பலவற்றில் எஃப்12. தூசி துடைக்கும்போது கைபட்டிருக்கும். பிறகு டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதைத் திற. வைஃபை அடாப்டர் பெயரே இல்லையா, அல்லது மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 10 என்று நிற்கிறதா? அப்படியானால் வைஃபை கார்டு வேலை செய்யாமல் உறைந்துபோயிருக்கிறது. விண்டோஸில் சும்மா ஷட் டவுன் கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று, விண்டோஸின் உள்கருவான கெர்னலை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு மறுநாள் அதே நிலையில் எழுப்பும். அதனால் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடு. சார்ஜரைக் கழற்று, யுஎஸ்பியில் இருப்பதையெல்லாம் எடு, பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடி. பிறகு சார்ஜரைச் சொருகிப் போடு. காணாமல்போன அடாப்டர் பெரும்பாலும் இதிலேயே திரும்பி வந்துவிடும். அப்டேட் வந்த மறுநாள் கெட்டது என்றால் அடாப்டரின் ப்ராபர்ட்டீஸில் டிரைவர் பக்கத்துக்குப் போய் ரோல் பேக் கொடு. அதே இடத்தில் பவர் மேனேஜ்மென்ட் என்று இன்னொரு பக்கம் இருக்கும். மின்சாரம் மிச்சம்பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடு. மூடித் திறந்தால் மட்டும் நெட் போகிறது என்றால் அந்த டிக்தான் காரணமாக இருக்கும்.

அடாப்டர் இருக்கிறது, வைஃபையும் ஒட்டியிருக்கிறது, ஆனாலும் நெட் இல்லை என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடி. ஐபிவி4 வரியில் 192.168 என்று தொடங்கினால் ரூட்டர் உனக்கு முகவரி கொடுத்துவிட்டது. 169.254 என்று தொடங்கினால் கொடுக்கவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. அதை வைத்து வெளியே போக முடியாது. அந்த வைஃபையை ஃபர்கெட் கொடுத்து, மறுபடி கடவுச்சொல் போட்டுச் சேர். அப்போதும் 169 என்றால் ரூட்டரின் பிளக்கை எடுத்துவிட்டு அரை நிமிஷம் கழித்துப் போடு. ஐந்து பேர் இருக்கிற வீடு, ஆளுக்கு இரண்டு போன், ஒரு லேப்டாப், டிவி வேறு. சில ரூட்டர்களில் கொடுக்க வைத்திருக்கும் முகவரியே தீர்ந்துவிடும்.

முகவரி சரியாக இருந்தால் மூன்று பிங், அதாவது ஒரு சின்னக் கேள்வியை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. முதலில் அதே பட்டியலில் டீஃபால்ட் கேட்வே என்று வருகிற ரூட்டரின் எண், பெரும்பாலும் 192.168.1.1. அடுத்து 8.8.8.8, அது வெளியே இருக்கிற கூகுளின் டிஎன்எஸ் சர்வர். கடைசியாக ஒரு இணையதளத்தின் பெயர். முதலாவதுக்குப் பதில் வராவிட்டால் கோளாறு வைஃபையில். இரண்டாவதுக்கு வராவிட்டால் ரூட்டருக்கு அப்பால். முதல் இரண்டும் திரும்பி வந்து பெயருக்கு மட்டும் வராவிட்டால் டிஎன்எஸ், அதாவது பெயரை எண்ணாக மாற்றும் கண்ணி. மூன்றும் வந்து பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் ப்ராக்ஸி (நடுவில் நிற்கும் இடைத்தரகர் சர்வர்) பக்கத்தைப் பார், யாரோ மேனுவல் என்று போட்டு வைத்திருக்கலாம். தேதியும் பார். பேட்டரி முழுக்க இறங்கித் தேதி பின்னால் போயிருந்தால் எந்தப் பாதுகாப்பான பக்கமும் திறக்காது. அந்தப் பக்கங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் தேதியை வைத்துத்தான்.

டிஎன்எஸ் என்றதும் 8.8.8.8-ஐ நிரந்தரமாகப் போட்டுவிடாதே. ஆபீஸ் சர்வர்களின் பெயர்கள் ஆபீஸ் டிஎன்எஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியும். வெளியாளிடம் கேட்டால் அப்படி ஒருவரும் இல்லை என்றுதான் பதில் வரும்.

நெட்வொர்க் ரீசெட் என்ற பட்டனைத் தொடாதே. எல்லா அடாப்டரையும் பிடுங்கிவிட்டுத் திரும்பப் போடும், சேமித்த கடவுச்சொற்கள் போய்விடும், ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழியான விபிஎன்னையும் மறுபடி நிறுவச் சொல்லும். உன் சொந்த லேப்டாப் என்றால் கடைசி மருந்தாகச் செய்யலாம். இது ஆபீஸுடையது. விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸ் செட்டிங்ஸையும் தொடாதே. பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருப்பார்கள், ஏதாவது மாறினால் 48 இலக்க எண் கேட்டு நின்றுவிடும். அந்த எண் ஆபீஸ் ஆட்களிடம்தான் இருக்கும். இப்போது அவர்களிடம் போய்க் கேட்கிற நிலையில் நீ

அந்த வரியை விடு.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ராசா. கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைஃபை விசிறி மூன்று வளைவும் முழுதாக இருக்கிறது, நெட் இல்லாதபோது வரும் பூமி உருண்டைச் சின்னம் இல்லை. வைஃபை போகவில்லை. அதற்கு மேலே, வலது மூலையில், சின்னதாக ஓர் அறிவிப்பு. 'வொர்க் ஆர் ஸ்கூல் அக்கவுன்ட் ப்ராப்ளம்' என்று பாதி தெரிகிறது, மீதியை உன் கட்டைவிரலின் நிழல் மறைத்திருக்கிறது.

நீ பொய் சொன்னாய் என்று சொல்லவில்லை. ஆபீஸ் லேப்டாப்புகளில் விபிஎன்னை எப்போதும் ஓடுகிற மாதிரி வைத்திருப்பார்கள். அது உள்ளே விட்டால்தான் வெளியே போக வழி. விபிஎன் உன் கணக்கை ஏற்கவில்லை என்றால் யூடியூப் கூடத் திறக்காது. பார்ப்பவருக்கு நெட் போனது மாதிரியேதான் இருக்கும். அதனால் நீ எழுதியது சரிதான்.

கடவுச்சொல் காலாவதியானாலும் அந்த அறிவிப்பு வரும். வேறொரு கருவியில் மாற்றிவிட்டு இதில் பழையதே இருந்தாலும் வரும். போனில் உள்ள ஒப்புதல் செயலி கேட்டதை நீ கவனிக்காமல் விட்டிருந்தாலும் வரலாம். இவற்றில் ஒன்றானால் ஹெல்ப்டெஸ்க்குக்கு ஒரு போன், பத்து நிமிஷ வேலை. கணக்கையே அந்தப் பக்கத்தில் நிறுத்திவைத்தாலும் வரும். லேப்டாப் உன் கடவுச்சொல்லுக்குத் திறக்கிறதே என்று நினைக்காதே. கடைசியாகச் சரிபார்த்ததை விண்டோஸ் உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் கணக்கு இல்லாமல் போனாலும் கதவு பல நாள் திறக்கும். லேபில் விலகிப்போன ஆட்களின் மெஷின்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

எது என்று நான் கேட்கவில்லை. ஆனால் இதை மட்டும் செய். சம்பள ரசீதுகள், ஃபார்ம் 16, வேலையில் சேர்ந்தபோது கொடுத்த கடிதம், உன் படிப்புச் சான்றிதழ்களின் நகல், இவை அந்த லேப்டாப்பில் மட்டும் இருந்தால் உன் சொந்த இடத்துக்கு எடுத்துவிடு. உன்னுடையது மட்டும். ஆபீஸ் ஃபைல் ஒன்றையும் தொடாதே, ஒன்றையும் அழிக்காதே, லேப்டாப்பை ஃபார்மட் செய்யாதே. பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணைத் தாளில் எழுதி வை. அதோடு சேர்த்திருப்பது உன் சொந்த மொபைல் எண்தானா என்று பார். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கு. சார்ஜரையும் சேர்த்து எழுதச் சொல்லு.

எல்லா வீட்டிலும் இதைச் சொல்ல ஆள் இருக்காது. நம் வீட்டில் நான் இருக்கிறேன். நீயும் கெட்டிக்காரன்தான். ஒன்பதாவது படிக்கும்போதே நெட் கேபிளுக்கு முனை போடும் கிரிம்பிங் கருவியைப் பிடித்து, உள்ளே வயர்களை ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று வரிசை பிசகாமல் போடுவாய். மாடி வீட்டு மாமா இன்றைக்கும் சொல்வார். அப்படிப்பட்டவன் 9 நாள் ஒரு போன் போடாமல் இருக்கிறாய். அப்பா கேட்டால் பையனுக்கு நெட் இல்லை என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிம்மில் பேசலாம் என்பது அவருக்கும் தெரியும்.

ஏன் கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு மெஷின் நின்றால் முதலில் கேட்க வேண்டியது, கடைசியாக என்ன மாறியது என்று. லேபில் எந்தப் பிள்ளையிடமும் அப்படித்தான் கேட்பேன். வீட்டில் உன்னிடம் மட்டும் "நீ என்ன பண்ணின?" என்று கேட்டேன். மிக்ஸி நின்றாலும் அதே கேள்வி, மதிப்பெண் குறைந்தாலும் அதே கேள்வி. அந்தப் பழைய டெஸ்க்டாப் புகைந்த அன்றைக்கும் அதைத்தான் கேட்டேன். இரண்டு நாள் நீ என்னிடம் பேசவில்லை. பிறகு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்துப் பார்த்தேன். கெப்பாசிட்டர் இரண்டு தலை உப்பி, பழுப்பாகக் கசிந்திருந்தது. பழசாகி, வோல்டேஜ் ஏறி இறங்கிப் போனது அது. நீ தொட்டதனால் இல்லை. வேறு எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினேன். ஆனால் உன் தப்பில்லை என்று உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. உனக்கு அப்போது 14 வயது. 15 வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன், அது உன் தப்பில்லை.

இதையும் நான் கேட்க மாட்டேன். என்ன மாறியது என்று நீயாகச் சொல்லும்போது சொல்லு.

அவசரத்துக்கு நெட் வேண்டுமென்றால், உன் சொந்தப் பழைய லேப்டாப்பில் வைஃபை கார்டு சரியில்லை என்றாயே, அதைப் போனோடு சார்ஜர் கேபிளில் இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யுஎஸ்பி டெதரிங்கைப் போடு. வைஃபை கார்டு செத்திருந்தாலும் அது ஓடும். கேபிள் டேட்டா கேபிளாக இருக்க வேண்டும், சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள் ஆகாது. யாரிடமாவது வீடியோவில் பேச வேண்டியிருந்தால், இன்டர்வியூ மாதிரி ஏதாவது, வைஃபையை நம்பாமல் இப்படிப் பேசு. பார்சலில் ஒரு நல்ல கேபிளும் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றும் வைத்திருக்கிறேன். நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டிலை இரண்டு கவரில் சுற்றியிருக்கிறேன், நிமிர்த்தி வைத்துப் பிரி.

சேதி என்று பெரிதாக இல்லை. சித்தி வீட்டு விஷயம் இன்னும் இழுபறிதான். முருங்கை காற்றில் சாய்ந்து, மறுபடி துளிர்த்திருக்கிறது. கீழே இருக்கிற ரூட்டர் உன் மாடி ரூமுக்கு எட்டவே எட்டாது, நடுவில் இரண்டு கான்கிரீட் தளம், 5 கிகாஹெர்ட்ஸ் முதல் தளத்திலேயே செத்துவிடும் என்று நீ வரும்போதெல்லாம் குறைபட்டுக்கொள்வாய். ஞாயிற்றுக்கிழமை கேட்-6 கேபிள் 20 மீட்டர் வாங்கி, மாடிப்படி ஓரமாகக் கரன்ட் வயரை ஒட்டாமல் இழுத்து, உன் மேஜைக்குப் பின்னால் பாயின்ட் வைத்துவிட்டேன். அப்பா டார்ச் பிடித்தார். மேஜையையும் துடைத்தாயிற்று. நூறு பிங் அனுப்பிப் பார்த்தேன், நூறும் திரும்பி வந்தது.

அன்புடன்,
அம்மா

மறுபடி சொல்கிறேன், போனில் சோதிக்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதி. பார்சல் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வரும். வாங்கியதும் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும்.