மைதானத்துக்கு லீவு

வியாசர்பாடி
மாசி மாதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. ஊட்டியில் உறைபனி விட்டுவிட்டது, கோல்ஃப் குழியைச் சுற்றியுள்ள கிரீன் புல்தரைகள் பழுப்பு மாறிப் பச்சை கட்டுகின்றன என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். பனி படிந்த புல்லை மிதித்தால் காலடித் தடம் கருகிப்போகும் என்று, வெயில் ஏறும்வரை கோல்ஃப் ஆட வந்தவர்களை நீ நிறுத்தி வைப்பாயாமே. எனக்குப் பொறாமையாக இருந்தது. மாலி சொன்னால் பெரிய மனிதர்கள் காபி குடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்! இங்கே "ஈரமா இருக்கு, இறங்காதீங்கடா" என்றால், "பத்தே நிமிஷம்ணா" என்று பையன்கள் பந்தோடு இறங்கிவிடுகிறான்கள்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியல் கண்ணாடி இல்லாமலே ஓடுகிறது.

நம் கால்பந்து மைதானத்தின் கதைக்கு வருகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கேப்டன் காட்டன் கால்வாய்த் தண்ணீர் ஏறியதே, அப்போது கிழக்கு மூலையில் படிந்த வண்டல் காய்ந்து தார் ரோடு போல இறுகிவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு கார்த்திகைக்கும் அங்கே குட்டைதான். மண் கொட்டி மேடாக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நல்லது செய்வதாக நினைத்து ஒருத்தர் ஒரு லோடு கட்டிட இடிபாட்டையே இறக்கிவிட்டார். ஓட்டுத் துண்டும் ஆணியும் பொறுக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பள்ளம் அங்கே பிரச்சினையே இல்லை. மிதித்து மிதித்து மண்ணுக்குள் காற்று போக இடமில்லை. தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. மேலே எவ்வளவு கொட்டினாலும் இதேதான்.

நீ ஃபேர்வேயில், அதாவது கிரீனுக்குப் போகிற வழியில் இருக்கும் நீளப் புல்வெளியில், மெஷின் விட்டு மண்ணைக் குச்சி குச்சியாக உருவி எடுப்பதைச் சொன்னாய் அல்லவா? அதையே கையால் செய்கிறோம். புளியந்தோப்பு வெல்டிங் பட்டறையில் அரை இஞ்சு இரும்புக் குழாயைத் துண்டு போட்டு, முனை சீவி, வரிசையாகப் பற்றவைத்து, மேலே கைப்பிடி வைத்து வாங்கினேன். காலால் மிதித்தால் மூன்று இஞ்சு இறங்குகிறது. வெறும் கம்பியால் குத்தினால் பக்கத்து மண் இன்னும் நெருங்கும். குழாய் என்றால் மண்ணை வெளியே எடுத்துவிடும், அதுதான் வித்தியாசம். மண் பதமாக இருக்கவேண்டும், சேறாக இருந்தால் குழாய் அடைத்துக்கொள்கிறது.

இதற்கு மாசி, பங்குனிதான் சரி. உங்கள் கிரீன்களைப் போல இல்லை, நம்முடையது அருகம்புல். வெயில் ஏற ஏறத்தான் அதற்கு வேகம் வரும், போட்ட ஓட்டையைச் சீக்கிரம் மூடிவிடும். மார்கழியில் குத்தினால் மூடாமல் கிடக்கும். அக்னி நட்சத்திரத்தில் குத்தினால் வேர் வெந்துபோகும், ஊற்றத் தண்ணீரும் இருக்காது.

ஓட்டையை நிரப்ப மணல் வேண்டுமே, அதில்தான் மாட்டிக்கொண்டோம். எம்-சாண்டில் பொடி அதிகம், மறுபடி அடைத்துவிடும். ஆற்று மணல் விலை உனக்கே தெரியும். காசிமேட்டுப் பக்கம் கடல் மணல் அள்ளிவரலாம் என்று ஒரு அறிவாளி யோசனை சொன்னான். ஏற்கெனவே போர் தண்ணீரே உப்பு, அதில் இது வேறயா! கடைசியில் கழுவின எம்-சாண்டைச் சலித்துப் போட்டோம். உப்புக்கு ஜிப்சம் தூவி, நல்ல தண்ணீர் கிடைக்கிற நாளில் நிறைய விடுகிறோம். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைக் கிளப்பிவிட்டால்தானே தண்ணீர் அதைக் கீழே இழுத்துப்போகும்.

கோல் வாய் இரண்டும் மொட்டை. உங்கள் கிரீனுக்கு அடியில் இருக்கிற மாதிரி 30 சென்டிமீட்டர் மணல், கீழே 10 சென்டிமீட்டர் ஜல்லி என்றெல்லாம் போட நமக்கு வசதி ஏது? கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு, வேலியோரத்து அருகைக் கணுக்கணுவாக நறுக்கி வரிசையாக ஊன்றியிருக்கிறேன். காலை மாலை தண்ணீர்.

உரமோ மணலோ எதுவும் ஓய்வுக்கு ஈடாகாது என்றுதான் எனக்குப் படுகிறது. நீ ஒரு கிரீனை மூடினால் பக்கத்தில் தற்காலிகமாக ஒரு குழி வெட்டிக்கொடுக்கிறாய். இவன்களுக்கு வேறு இடம் எங்கே? முழுசாக மூடினால் தெருவில் ஆடுவான்கள், பஸ் வரும். அதனால் குறுக்கே கயிறு கட்டிப் பாதி பாதியாக மூடுகிறேன். மற்ற பாதியில் ஏழு பேர் ஆட்டம். "அண்ணன் புல்லுக்குக் காவல் இருக்காரு" என்று நக்கல் வேறு. மே மாதப் போட்டிக்குள் கயிறை அவிழ்த்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு உதவி. கிளப்பில் கழித்துப்போட்ட ரீல் மோவர், அதுதான் உருளை பிளேடு வைத்த புல்வெட்டி, ஏதாவது கிடக்கிறதா? இங்கே வாடகைக்கு வருகிற மெஷின் புல்லை வெட்டாமல் கிழிக்கிறது, நுனியெல்லாம் வெளுத்துப்போகிறது. உன் 3, 4 மில்லிமீட்டர் கணக்கு எங்களுக்கு வேண்டாம், ஒரு இஞ்சு உயரத்துக்கு வெட்டினால் போதும். பிளேடு மழுங்கியிருந்தாலும் பரவாயில்லை, தண்டையார்பேட்டையில் சாணை பிடிக்க ஆள் இருக்கிறார். கிளப்பில் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுது, பையன்களிடம் வசூல் பண்ணிவிடலாம்.

அன்புடன்,
குமார்