மேலே பிரமிடு, கீழே தண்ணீர்

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதே. சரியாகிவிட்டது என்று நீயே முடிவு கட்டிக்கொள்கிற ஆள் நீ. இங்கே பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள். தரையில் ஒரு பொருள் வைக்க முடியவில்லை. இவருக்கு ஹூஸ்டன் பிடித்துப்போய்விட்டது. தினமும் காலையில் நடக்கிறார், வந்து தினமும் முழங்கால் வலி என்கிறார்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மகள் டாலஸிலிருந்து மெக்சிகோவின் கேன்கூனுக்குக் கூட்டிப் போகிறாள், அங்கிருந்து பழங்கால மாயா மக்களின் கோவில்களையும் குளிக்கிற கிணறுகளையும் காட்ட மலிவாக ஒருநாள் டூர் இருக்கிறது, நம் வயதுக்கு அது சரிப்படுமா, காசுக்குத் தகுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போ. நாங்கள் பிப்ரவரியில் அதே மாதிரி ஒரு டூரில்தான் போனோம். மகனும் மருமகளும் குழந்தையோடு ஹோட்டலில் இருந்துவிட்டார்கள். நானும் இவரும் மட்டும் விடியற்காலையில் பஸ் ஏறினோம்.

முதலில் காசு. விளம்பரத்தில் ஆளுக்கு ஐம்பது டாலருக்கும் கீழே போட்டிருப்பார்கள். பஸ், வழிகாட்டி, மதியச் சாப்பாடு, ஒரு கிணற்றுக்கு நுழைவு, இவ்வளவும் அதில் அடக்கம் என்பது உண்மைதான். ஆனால் அந்த மாயா கோவில் நகரமான சிச்சேன் இட்சாவின் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் அதில் சேராது. வெளிநாட்டுக்காரர்களுக்கு அது 600 பெசோவுக்கு மேல், நம் கணக்கில் ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். மத்திய அரசுக்கு ஒரு பங்கு, யுகடான் மாநில அரசுக்கு ஒரு பங்கு என்று இரண்டு சீட்டு. எங்கள் பஸ் ஊரைத் தாண்டியதும் மைக்கைப் பிடித்து அதைத்தான் 'வரி' என்று வசூலித்தார்கள். முன் சீட்டுத் தம்பதி சண்டைக்கே போய்விட்டார்கள். பதிவு செய்த சீட்டின் அடியில் பொடி எழுத்தில் எல்லாம் போட்டிருந்தது, யார் படிக்கிறார்கள்? சாப்பாட்டோடு தண்ணீர் பாட்டில்கூடச் சேராது. கிணற்றில் துணிமணி வைக்க லாக்கருக்குத் தனிக் காசு. எல்லாவற்றையும் பெசோவாகவே கொண்டு போ. டாலரும் வாங்குவார்கள், ஆனால் மாற்று விலை அவர்கள் வைத்ததுதான்.

இதைவிட மலிவாகவும் போகலாம். கேன்கூனிலிருந்து வழியில் இருக்கிற வயாதோலித் என்கிற ஊர் வரை பஸ், அங்கிருந்து ஷேர் வேன். இளவட்டங்கள் அப்படித்தான் போகிறார்கள். போக மட்டும் 200 கிலோமீட்டர். வெயிலில் வேனுக்குக் காத்து நிற்க நம்மால் ஆகாது. டூர் பஸ்ஸில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டு போகலாம். இன்னொன்று, கேன்கூனைவிட யுகடான் மாநிலத்தில் நேரம் ஒரு மணி பின்னால். வழிகாட்டி "உங்களுக்கு ஒரு மணி நேரம் இனாம்" என்றார். திரும்பும்போது அதைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதைச் சொல்லவில்லை.

இப்போது நான் உண்மையில் எழுத நினைத்ததற்கு வருகிறேன். பிரமிடு ஒரு பக்கம், நீச்சல் ஒரு பக்கம் என்று டூர்க்காரர்கள் இரண்டு கவர்ச்சியைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் போகும் வரைக்கும் நினைத்தேன். அங்கே போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே கதை. வழியெல்லாம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தேன்: குட்டைக் காடு, காடு, மறுபடியும் காடு. ஒரு ஆறு இல்லை, ஓடை இல்லை, பாலம் இல்லை. யுகடானின் வட பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை தரையில் ஓடாது, பாறையைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். ஆறுகள் எல்லாம் பூமிக்கு அடியில். துலும் என்கிற கடற்கரை ஊர்ப் பக்கத்தில் சாக் அக்டூன் என்கிற நீரடிக் குகையில் முக்குளிப்பவர்கள் 2018-ல் இரண்டு பெரிய குகைகள் ஒன்றோடொன்று சேர்வதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டும் சேர்ந்து 340 கிலோமீட்டருக்கு மேல். குகையின் கூரை எங்கே இடிந்து விழுகிறதோ அங்கே ஒரு கிணறு திறக்கும். அதைத்தான் செனோட்டே என்கிறார்கள். மனிதர்கள் தோண்டியது எதுவும் இல்லை. யுகடானின் தலைநகரான மெரிடாவைச் சுற்றிலும் இந்தக் கிணறுகள் பிறை வளைவாகவே அமைந்திருக்கின்றன. 6 கோடியே 60 லட்சம் வருடத்துக்கு முன் டைனோசர்களை ஒழித்த விண்கல் விழுந்தது அங்கேதான். புதைந்து கிடக்கும் அந்தப் பள்ளத்தின் விளிம்பைத்தான் இந்தக் கிணறுகள் காட்டிக்கொடுக்கின்றன. கரும்பலகையில் சாக்பீஸால் சுண்ணாம்புப் பாறை நிலம் வரைந்தே ஓய்வு பெற்றவள் நான். ஜன்னலோரம் உட்கார்ந்து இவரிடம் பாடம் எடுத்தேன். அவர் தூங்கிவிட்டார்.

ஆக, கிணறு இருக்கிற இடத்தில்தான் ஊர். சிச்சேன் இட்சாவில் இரண்டு பெரிய கிணறுகள். ஷ்டோலோக் என்பது குடிக்கவும் புழங்கவும். இன்னொன்று கடவுளுக்கு. இரண்டுக்கும் நடுவில்தான் அந்தப் பிரமிடு நிற்கிறது. அதன் அடியிலும் ஒரு நீர்க்குழி இருப்பதாக 2015-ல் மெக்சிகோ ஆய்வாளர்கள் மின்சாரத்தைப் பாய்ச்சி அளந்து சொன்னார்கள்.

பிரமிடைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, படத்தில் பார்த்திருப்பாய். ஏறிப் பார்க்க இப்போது விடுவதில்லை, கயிறு கட்டியிருக்கிறார்கள். நம் முழங்காலுக்கு அது நல்லதுதான். ஆனால் நீ கணக்கு டீச்சர், உனக்கென்று சிலதைக் குறித்துக்கொண்டு வந்தேன். நான்கு பக்கமும் படி, பக்கத்துக்கு 91. மேல் மேடையையும் ஒரு படியாகச் சேர்த்தால் 365. மாயாக்களுடைய வருடம் 20 நாள் கொண்ட 18 மாதம், கூடவே 5 நாள். சடங்குக்கென்று 260 நாளில் இன்னொரு காலண்டர். இரண்டும் சேர்ந்தே சுழலும். 365-க்கும் 260-க்கும் மீச்சிறு பொது மடங்கு போட்டுப் பார்: 18,980 நாள். அதாவது 52 வருடத்துக்கு ஒருமுறைதான் இரண்டும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரும். எண்ணுவது இருபது இருபதாக. புள்ளி வைத்தால் ஒன்று, கோடு போட்டால் ஐந்து, சிப்பி வரைந்தால் பூஜ்யம். பூஜ்யம் ஒன்றும் நம் ஊரிலிருந்து அவர்களுக்குப் போனதில்லை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகிற நாட்களில் வடக்குப் படிக்கட்டின் ஓரத்தில் நிழல் பாம்பு மாதிரி இறங்கும். அதைப் பார்க்கக் கூட்டம் தாங்காதாம். சாதாரண நாளில் போனால் கை தட்டலாம். படிக்கட்டுக்கு எதிரே நின்று தட்டினால் எதிரொலி 'கீச்' என்று பறவைக் குரலில் திரும்பி வருகிறது. கெட்சால் பறவையின் குரல் அது என்பார்கள் வழிகாட்டிகள். இவர் சிறுபிள்ளை போல் தட்டிக்கொண்டே இருந்தார்.

வழிகாட்டி கூடவே நடப்பது ஒரு மணி நேரம்தான், அப்புறம் உன் பாட்டுக்குச் சுற்றலாம். முக்கால்வாசிப் பேர் அந்த நேரத்தைப் பிரமிடு முன்னால் படம் எடுத்தே தீர்த்துவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. பந்தாட்டக் களத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள். 168 மீட்டர் நீளம், இரு பக்கச் சுவரிலும் எட்டாத உயரத்தில் ஒரு கல் வளையம், ரப்பர் பந்தை இடுப்பால் தட்டி ஆடுவார்களாம். அப்புறம் நேரே வடக்கே நட. பழைய காலத்து வெள்ளைப் பாதை ஒன்று இருக்கிறது, சுமார் 300 மீட்டர். அதன் முடிவில் இருக்கிறது கடவுளின் கிணறு.

அது சுற்றுலாக் கிணறு இல்லை ராஜி. ஏறக்குறைய 60 மீட்டர் அகலத்துக்கு வட்டமான ஒரு பள்ளம், செங்குத்தான வெள்ளைப் பாறைச் சுவர், இருபது மீட்டருக்கும் கீழே பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். படி இல்லை, இறங்க வழியும் இல்லை. மழைக் கடவுள் சாக்கின் வாசல் அது என்று நம்பினார்கள். மழை பொய்த்தால் பச்சைக்கல், தங்கம், சாம்பிராணி வகைப் பிசின், சமயத்தில் மனிதர்களையும் போட்டார்கள். 1904-ல் எட்வர்டு தாம்சன் என்கிற அமெரிக்கத் தூதரக அதிகாரி அந்த நிலத்தையே விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு கிணற்றைத் தூர்வாரினார். கிடைத்ததில் பெரும்பகுதியை ஹார்வர்டின் மியூசியத்துக்கு அனுப்பிவிட்டார். பின்னாளில் அதில் ஒரு பகுதிதான் மெக்சிகோவுக்குத் திரும்பியது. கன்னிப் பெண்களைத்தான் தள்ளினார்கள் என்று ஒரு கதையும் கிளம்பியது. எலும்புகளைப் பார்த்தவர்கள் ஆண்களும் குழந்தைகளும் அதில் உண்டு என்றார்கள். பக்கத்திலேயே ஒரு நிலவறைத் தொட்டியில் கிடைத்த 64 பேரின் எலும்புகளை மரபணுச் சோதனை செய்து 2024-ல் முடிவு வெளியிட்டார்கள். எல்லாமே ஆண் குழந்தைகள். அதில் இரண்டு ஜோடி, அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கிற இரட்டையர். இதைக் கேட்டதும் எனக்குக் கிணற்றோரம் நிற்கப் பிடிக்கவில்லை. இதை உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அங்கே வைத்திருக்கிற பலகையில் பாதிக் கதைதான் இருக்கிறது.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. இன்று அந்தப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற மாயா மக்களின் மரபணு அந்தக் குழந்தைகளின் மரபணுவோடு தொடர்ச்சியாக இருக்கிறது. எங்கள் வழிகாட்டிக்கு ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. பஸ்ஸில் ஒருவர் "மாயாக்கள் எப்படி மறைந்து போனார்கள்?" என்று கேட்டார். "நான் காலையில் டீசலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தானே வந்தேன்" என்றார் வழிகாட்டி. வீட்டில் மாயா மொழிதான் பேசுவாராம். அப்பா இன்னும் காட்டுக்கழனியில் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒன்றாக விதைக்கிறார். மழை தாமதமானால் ஊர் கூடி மழைக் கடவுள் சாக்குக்குப் படையல் போடுவது இப்போதும் உண்டு, சோளக் கூழும் ரொட்டியும் வைத்து. கைவிட்டுப் போனது நகரங்கள்தான், மக்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

வாசலிலிருந்து கிணறு வரைக்கும் வழியெல்லாம் கடை. சிறுத்தை மாதிரி உறுமுகிற ஊதல் ஒன்றை நம் காதருகில் வைத்து ஊதுவார்கள், பயப்படாதே. டூர் பஸ் கட்டாயமாகக் கொண்டுபோய் நிறுத்துகிற பெரிய கடையில் எதையும் வாங்காதே. அதே முகமூடி உள்ளே பாதி விலை, காசும் அந்த ஊர்க்காரர் கைக்கே போகும்.

மதியம் இக் கில் கிணற்றுக்குப் போனோம். காலையில் பார்த்ததைப் போலவே வட்டம், அதே ஆழம், ஆனால் பாறையில் படி வெட்டி இறக்கியிருக்கிறார்கள். மேலிருந்து கொடிகளும் மர வேர்களும் தண்ணீரைத் தொடுகிற வரைக்கும் தொங்குகின்றன. இறங்குமுன் ஷவரில் குளித்தே ஆக வேண்டும், பூசின சன் கிரீம் தண்ணீரில் கலக்கக் கூடாது. கிராமங்கள் குடிப்பதும் இதே நிலத்தடி நீரைத்தான் என்பதால் எனக்கு அந்த விதி ரொம்பப் பிடித்தது. நான் டீ-சர்ட்டும் லெக்கிங்ஸும் போட்டுக்கொண்டு, மேலே லைஃப் ஜாக்கெட் மாட்டி இறங்கினேன். யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முதல் ஒரு நிமிடம் உடம்பெல்லாம் சிலிர்க்கும், அப்புறம் ஏற மனம் வராது. சின்னக் கறுப்புக் கெளுத்தி மீன்கள் காலை உரசிக்கொண்டு போகும். மல்லாந்து மிதந்தால் தலைக்கு நேரே வட்டமாக வானம். காலுக்கு அடியில் 40 மீட்டர் ஆழம் என்று வழிகாட்டி கரையில் நின்று கத்தினார். அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்லியிருக்கலாம்.

சாப்பாடு சைவக்காரர்களுக்குக் கஷ்டம்தான். கறுப்பு பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடு. சிக்கில் பாக் என்று ஒன்று இருந்தால் விடாதே. வறுத்த பூசணி விதையையும் சுட்ட தக்காளியையும் அரைத்தது, நம் துவையலேதான், சோள அடையோடு அதை வைத்தே வயிற்றை நிரப்பினேன். அபனேரோ மிளகாயிடம் மட்டும் வீரம் காட்டாதே. வயாதோலித்தில் அரை மணி நேரம்தான் நிறுத்தினார்கள். சதுக்கத்தில் சுருட்டின மொறுமொறு வேஃபருக்குள் சீஸ் துருவிப் போட்டுத் தருகிறார்கள், மார்க்கெசீத்தா என்று பெயர், முட்டை சேருமா என்று கேட்டுக்கொள். மற்றபடி அந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போ. செப்டம்பர், அக்டோபரில் புயலும் மழையும், ஏப்ரல், மேயில் வெயில் கொளுத்தும். உன் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். திரும்ப அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டுமே, அதனால் அது பலமுறை நுழைகிற விசாதானா என்று மகளைப் பார்க்கச் சொல். தண்ணீரில் இறங்கலாமா என்று கண் டாக்டரிடமும் கேட்டுக்கொள். கூடாது என்றால் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொள், மீன் அங்கேயும் வரும்.

தேதி முடிவானதும் எழுது. மீனாட்சியின் புது முகவரி உன்னிடம் இருந்தால் அனுப்பு. தீபாவளிக்கு அவளுக்குப் போட்ட கார்டு திரும்பி வந்துவிட்டது.

உன்
பத்மா