சர்க்கரை குறையும் நேரத்தில் எடுக்கும் ரத்தம்

அன்பு மகளுக்கு,

விடியற்காலையில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி, சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் தெளிந்துவிடுகிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. முழு உடல் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருப்பதால் இதை விட்டுவிடலாமா என்று கேட்டாய். பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவனாகச் சொல்கிறேன், விடக் கூடாது. அந்த ரத்தம் உன் சர்க்கரை சரியாக இருந்தபோது எடுத்தது. குறையும் நேரத்தில் உடலுக்குள் நடப்பதை அது காட்டாது.

நீரிழிவு இல்லாத ஒருவருக்குச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், கணையம் இன்சுலின் சுரப்பதை அநேகமாக நிறுத்தியிருக்க வேண்டும். ஆகவே அந்த நேரத்து ரத்தத்திலேயே சர்க்கரை, இன்சுலின், சி-பெப்டைடு (கணையம் இன்சுலினோடு சேர்த்தே வெளிவிடும் துணுக்கு), புரோஇன்சுலின் (இன்சுலினின் முன்வடிவம்), கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாவது) ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். சர்க்கரை அவ்வளவு குறைந்தும் ஒரு மில்லிலிட்டரில் இன்சுலின் 3 மைக்ரோ யூனிட்டுக்கும் சி-பெப்டைடு 0.6 நானோகிராமுக்கும் குறையாமல் நின்றால், கணையமே தேவையின்றிச் சுரக்கிறது என்று பொருள். கணையத்தில் சிறு கட்டி இருக்கிறதா என்ற தேடல் அதற்குப் பிறகுதான். இன்சுலின் மிகுந்து சி-பெப்டைடு மட்டும் குறைந்திருந்தால், அது வெளியிலிருந்து ஊசியாகச் சென்ற இன்சுலின். சில நீரிழிவு மாத்திரைகள் இரண்டையுமே ஏற்றி, கட்டியைப் போலவே காட்டும் என்பதால் அவற்றுக்கும் தனிப் பரிசோதனை உண்டு. உன் மாமியாரின் சர்க்கரை மாத்திரையும் உன் தைராய்டு மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கே பிரித்து வை. முடிக்காக நீ சாப்பிடும் பயோட்டின் வைட்டமினையும் மருத்துவரிடம் சொல், சில ஹார்மோன் பரிசோதனைகளின் அளவை அது பிறழச் செய்யும்.

விரலில் குத்திப் பார்க்கும் கருவி குறைந்த அளவுகளில் பிசகக்கூடும். நரம்பில் எடுத்த ரத்தமே ஆதாரம். அதிலும், குழாயில் நிற்கும் ரத்தத்தின் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருப்பதால், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு இறங்கிவிடும். அதனால்தான் சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடியுள்ள ஃபுளோரைடு குழாய். அதுவும் உடனடியாக முழுப் பாதுகாப்புத் தராது. அணுக்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியைச் சீக்கிரம் பிரித்தெடுக்க வேண்டும். சிவப்பணு உடைந்த மாதிரியில் இன்சுலின் சிதைந்துவிடும். வீட்டுக்கு ஆள் வந்து எடுத்து, பல இடம் சுற்றிக் கொண்டுபோகும் ரத்தத்தை இந்த விஷயத்தில் நான் நம்பமாட்டேன்.

ஆகவே நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார். தேவைப்பட்டால் 72 மணி நேரம் வரை உண்ணாமல் வைத்து, சர்க்கரை இறங்கும் தருணத்தில் ரத்தம் எடுப்பார்கள். அது மருத்துவமனையில், கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டியது. வீட்டில் நீயாகப் பட்டினி கிடந்து பார்க்காதே. அதுவரை தலைமாட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும், மயக்கம் வரும்போது பரிசோதனையை எண்ணித் தாமதிக்காமல் உடனே சாப்பிடு. அனுமதிக்கும் தேதி தெரிந்ததும் சொல்; நானும் அம்மாவும் முந்தின நாளே வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா