யோவான் 21-ஐப் பிரசங்கிக்கும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயாமாருக்கு ஸ்தோத்திரம்.

திபேரியா கடற்கரையில் இயேசு பேதுருவிடம் ‘என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா’ என்று மூன்று முறை கேட்கும் பகுதி வந்தாலே பிரசங்கம் பழகின தடத்தில் போய்விடுகிறது. “மூல பாஷையில் ஆண்டவர் கேட்டது அகாப்பே, தெய்வீக அன்பு. பேதுரு சொன்னது பிலியோ, வெறும் சிநேகம். மூன்றாம் முறை ஆண்டவரே அவன் நிலைக்கு இறங்கி வந்தார்.” சபை உருகிப்போகும். ஆனால் கிரேக்கம் இந்த விளக்கத்தைத் தாங்காது.

வினைச்சொல் மாறுவது உண்மைதான். 15, 16ஆம் வசனங்களில் இயேசுவின் கேள்வி அகப்பாவோ (‘அகாப்பே’யின் வினை வடிவம்), 17இல் பிலேயோ (மேடையில் ‘பிலியோ’ என்பது). பேதுருவின் பதில் மூன்று முறையும் பிலேயோ. நம் பழைய மொழிபெயர்ப்பும் ‘அன்பாயிருக்கிறாயா’, ‘நேசிக்கிறேன்’ என்று பிரித்தே வைத்திருக்கிறது. ஆனால் இங்கே மாறுவது இந்த ஒரு சொல் மட்டுமா? தமிழில் மூன்று முறையும் ‘மேய்ப்பாயாக’ என்று வருவது கிரேக்கத்தில் பொஸ்கே, பொய்மாய்னே, திரும்பவும் பொஸ்கே. ஆட்டுக்குட்டிகள் ஆடுகளாகின்றன. 17இல் இரண்டு தரம் வரும் ‘அறிவீர்’ முதலில் ஓய்தாஸ், அடுத்து கினோஸ்கேய்ஸ். இவற்றை வைத்து யாரும் இரண்டு வித மேய்ப்பு, இரண்டு வித அறிவு என்று உபதேசம் கட்டுவதில்லையே. சொல்லை மாற்றி மாற்றி எழுதுவது யோவானின் கைப்பழக்கம்.

அவர் சுவிசேஷத்திலேயே சாட்சி உண்டு. 3:35இல் பிதா குமாரனிடம் அன்பாயிருப்பது அகப்பாவோ, 5:20இல் அதே அன்பு பிலேயோ. தமிழில் இரண்டிடத்திலும் ‘அன்பாயிருந்து’. பிலேயோ தாழ்ந்த அன்பானால் 5:20-ஐ என்ன செய்வீர்கள்? இயேசுவுக்கு அன்பான சீஷனுக்கும் இதேதான்: 13:23இல் ஒன்று, 20:2இல் மற்றொன்று.

அகப்பாவோ எப்போதும் உயர்ந்ததும் இல்லை. தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் வைத்த ஆசை (2 தீமோத்தேயு 4:10) அந்தச் சொல்தான். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜிந்த்தில், தாமாரைக் கெடுத்த அம்னோனின் மோகத்துக்கு 2 சாமுவேல் 13:15இல் ‘அகாப்பே’ என்றே எழுதியிருக்கிறது. மேடையில் இதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை! 19ஆம் நூற்றாண்டில் இந்த வேறுபாட்டை வலியுறுத்திய வேத அறிஞர் இருவருக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. வெஸ்ட்காட்டுக்கு அகப்பாவோ உயர்ந்தது. ட்ரெஞ்சுக்கோ பேதுருவின் பிலேயோதான் நெருக்கமானது, மற்றது குளிர்ந்த சொல்.

பிழை எங்கே நுழைகிறது? வேதாகமச் செயலியில் இந்த இரண்டு வினைகளின் ஸ்ட்ராங் எண்களை (மூல பாஷைச் சொற்களுக்கு அகராதி கொடுத்த வரிசை எண்கள்), 25-ஐயும் 5368-ஐயும் தட்டி, வரும் பொருள்களில் பிரசங்கத்துக்குத் தோதானதை எடுத்துக்கொள்வதில்தான். அந்த எண் ஒரு சொல்லின் அகராதி வடிவத்தைக் காட்டும். இந்த வசனத்தில் என்ன பொருள் என்று சொல்லாது. முதலில் அதே எண் அதே ஆசிரியரிடம் வரும் எல்லா வசனங்களையும் வரிசையாக வாசியுங்கள். அடுத்து மற்றப் புதிய ஏற்பாட்டு நூல்கள், பிறகு செப்டுவஜிந்த். நீங்கள் சொல்லப்போகும் பொருளை ஒவ்வொரு வசனத்திலும் பொருத்திப் பாருங்கள். பொருந்தாத வசனங்கள் நிற்கும்வரை “மூல பாஷையில்” என்று ஆரம்பிக்காதீர்கள். ‘நான்கு வகை அன்பு’ செய்திக்கும் இதே சோதனை வையுங்கள்: அந்த நான்கில் ஒன்றான ஏரோஸ் (காதல்) என்ற சொல் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் கிடையாது.

பேதுரு துக்கப்பட்ட காரணம் வசனத்திலேயே இருக்கிறது. “பிலேய்ஸ் மெ” (என்னை நேசிக்கிறாயா) என்று ‘மூன்றாந்தரம்’ கேட்டதால் என்கிறார் யோவான். நீங்கள் சொல்லும் கணக்குப்படி அந்தச் சொல்லால் கேட்டது அதுவே முதல் தரம். யோவானுக்கு மூன்றும் ஒரே கேள்விதான்.

கிரேக்கச் சொல் ஒன்றைக் காட்டியே ஆகவேண்டுமென்றால் 9ஆம் வசனத்துக்குப் போங்கள். ‘கரிநெருப்பு’, அந்த்ராக்கியா. புதிய ஏற்பாட்டில் இச்சொல் வருவது இரண்டே இடம்: இங்கேயும், பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த 18:18இலும். அங்கே மூன்று மறுதலிப்பு, இங்கே மூன்று கேள்வி. தமிழில் இரண்டிடத்திலும் அதே சொல்தான் இருக்கிறது, அகராதிகூட வேண்டாம்.