ஈ மருந்து வாங்கும் முன், எந்த ஈ என்று பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் மாம்பழ சீசன் தொடங்கினால் நம் கடையில் ஈ மருந்து கேட்டு வருபவர்களும் கூடிவிடுவார்கள். போன வாரம் ஒரு அம்மா மூன்றாவது முறையாக ஸ்பிரே வாங்க வந்தார். "அடிச்சா சாகுது, மறுநாள் காலையில அதே மாதிரி சுவர் பூரா உட்கார்ந்திருக்கு" என்றார். எந்தச் சுவர் என்று அன்றுதான் கேட்டோம். பாத்ரூம் சுவராம். அப்படியென்றால் அவருக்குத் தேவை பிரஷ், ஸ்பிரே இல்லை. கேட்காமலே இரண்டு டப்பா விற்றது எங்கள் தவறு. அதனால்தான் இந்த மடல்.

பாத்ரூமில் வருவது சாக்கடை ஈ. சாம்பல் நிறத்தில், குட்டி அந்துப்பூச்சி போல இறகெல்லாம் மயிராக இருக்கும். விரட்டினால் தூரம் போகாது, கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி சுவரிலேயே உட்காரும். இதன் புழு, தண்ணீர் போகும் குழாயின் உள்பக்கம் படிந்திருக்கும் வழுவழுப்பான அழுக்கில் வளர்கிறது. சுவரில் இருப்பதை எத்தனை முறை கொன்றாலும் குழாய்க்குள்ளிருந்து புதிது வந்துகொண்டே இருக்கும். சந்தேகமாக இருந்தால் ராத்திரி ஜல்லடை மேல் செலோ டேப்பை, பசைப் பக்கம் கீழே பார்க்கும்படி, ஓரத்தில் இடைவெளி விட்டு ஒட்டி வையுங்கள். காலையில் ஈ ஒட்டியிருந்தால் இடம் அதுதான். ஜல்லடையைக் கழற்றி, நீளக் கைப்பிடி பிரஷால் குழாயின் உள்சுவரை நன்றாகத் தேய்த்து, சோப்புத்தூள் கலந்த சூடு தண்ணீர் ஊற்றுங்கள். தேய்க்காமல் பினாயில் மட்டும் ஊற்றினால் அந்த வழுவழுப்பு போகாது. பிளாஸ்டிக் குழாய் என்றால் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம், இளகிவிடும். இரண்டு, மூன்று வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

மாம்பழக் கூடையைச் சுற்றுவது வேறு. 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், கண் சிவப்பு. பழம் கனிந்து புளிக்கும் வாசனைக்கு வரும். மல்கோவாவை அறுத்தால் உள்ளே நெளியும் புழு இதனுடையது இல்லை. அது தோப்பிலேயே முட்டையிட்ட பெரிய பழ ஈயின் புழு. கூடையின் அடியில் நசுங்கிய பழம், வெங்காயக் கூடையில் அழுகிய ஒன்று, மூலையில் ஈரமான மாப், இவற்றை முதலில் தேடி எடுங்கள். அப்புறம் ஒரு டம்ளரில் கொஞ்சம் வினிகர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு வையுங்கள். வாசனைக்கு வரும் ஈ, சோப்பு இருப்பதால் மேலே நிற்க முடியாமல் மூழ்கிவிடும்.

சாப்பாட்டில் உட்காரும் சாதாரண ஈயின் முதுகில் நான்கு கருங்கோடுகள் உண்டு. அதற்குக் கடித்துத் தின்ன வாய் கிடையாது. எச்சிலை உமிழ்ந்து, கரைத்து, உறிஞ்சிக் குடிக்கிறது. சாணத்திலும் மலத்திலும் உட்கார்ந்த அதே கால், அதே வாய். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் இப்படிப் பரவக்கூடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தயவுசெய்து இதை அலட்சியமாக விடாதீர்கள். ஒரு தடவைக்கு நூறு முட்டை போல இடும். வெயில் காலத்தில் முட்டை ஒரே நாளில் பொரிந்து, பத்து நாளுக்குள் பறக்கும் ஈயாகிவிடும். ஆகவே குப்பையை வாரக்கணக்கில் சேர்க்காமல் தினமும் வெளியேற்றுங்கள். தொட்டிக்கு மூடி போடுங்கள், அடியில் தேங்கும் தண்ணீரையும் கழுவிவிடுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் சாணத்தைத் தினமும் அள்ளிவிடுவது நல்லது. ஜன்னலுக்கு நைலான் வலை அடிப்பது ஒரு நாள் வேலைதான்.

திடீரென்று பளபளக்கும் பச்சை ஈயோ நீல ஈயோ ஜன்னலில் நிறைய மொய்த்தால், பரண் மேலோ பீரோ பின்னாலோ எலி செத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். எலி மருந்து வைத்த வீடுகளில் இதுதான் பெரும்பாலும் காரணம்.

ஸ்பிரே இதற்கெல்லாம் பிறகுதான். அடிக்கும்போது சாப்பாட்டையும் பாத்திரங்களையும் மூடுங்கள், அடுப்பு எரியும்போது வேண்டவே வேண்டாம். மீன் தொட்டி இருக்கும் அறையிலும் அடிக்காதீர்கள், அந்த மருந்து மீனுக்கு விஷம்.

எந்த ஈ என்று தெரியாவிட்டால் செலோ டேப்பில் ஒன்றை ஒட்டிக் கொண்டு வாருங்கள், கல்லாவில் பூதக்கண்ணாடி இருக்கிறது. பாத்ரூம் ஈக்காக இந்த மாதம் நம்மிடம் ஸ்பிரே வாங்கி, இன்னும் திறக்காமல் வைத்திருப்பவர்கள் அதைக் கொடுத்துவிட்டு பிரஷ் வாங்கிக்கொள்ளலாம். மீதிப் பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் வீட்டுச் சாமான் கடை, சேலம்