விக்டர் பெர்கரின் இடம்: அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தத்தில் உள்ள 3ஆவது பிரிவைப் பற்றி, 2021 ஜனவரியில் உங்கள் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பிறகு நிறையப் பேசினீர்கள். அரசியல் சட்டத்தைக் காப்பதாக உறுதிமொழி எடுத்தபின் கிளர்ச்சி செய்தவரோ எதிரிக்கு உதவியவரோ பதவி வகிக்கக் கூடாது என்பது அது. உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலத் தலைவர்கள் மீண்டும் பதவிக்கு வந்துவிடக் கூடாது என்று 1868இல் போட்ட பூட்டு. இருபதாம் நூற்றாண்டில் உங்கள் சபை அதை ஒருவருக்கு எதிராகத்தான் பயன்படுத்தியது. அவர் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த விக்டர் பெர்கர். அடுத்து யாருக்காவது அந்தப் பூட்டைத் தேடும் முன் அவருடைய கதையை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.

பெர்கர் ஆஸ்திரியப் பேரரசில் பிறந்து குடியேறியவர். பள்ளி ஆசிரியர், பிறகு பத்திரிகை ஆசிரியர். 1910இல் வென்று உங்கள் சபைக்குள் நுழைந்த முதல் சோஷலிஸ்ட். வந்த அடுத்த ஆண்டே முதியோர் ஓய்வூதிய மசோதா கொண்டுவந்தார். அதை நீதிமன்றம் செல்லாததாக்க முடியாது என்றும் அதற்குள்ளேயே ஒரு வரி எழுதிவைத்தார்! செனட்டையே கலைத்துவிடலாம் என்று ஒரு தீர்மானமும் கொடுத்தார். இரண்டும் நிறைவேறவில்லை. முதியோர் ஓய்வூதியம் தந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1935இல். அப்போது பெர்கர் உயிரோடு இல்லை.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. அமெரிக்கா அதில் இறங்கியதை அவருடைய 'மில்வாக்கி லீடர்' பத்திரிகை எதிர்த்தது. 1917இல் தபால் துறை அந்தப் பத்திரிகைக்கான சலுகைக் கட்டணத்தைப் பறித்தது. அப்புறம் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் கடிதங்களைக்கூடக் கொடுக்காமல் அனுப்பியவருக்கே திருப்பினார்கள். சந்தா கட்ட நினைத்தவரின் கடிதமும் அதில் போயிருக்கும். போர் முயற்சிக்குத் தடையாகப் பேசுவதையும் குற்றமாக்கிய உளவுச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்கும் பாய்ந்தது. முக்கிய ஆதாரம் ஐந்து தலையங்கங்கள். அந்த வழக்கு தலைக்குமேல் தொங்கும்போதே, 1918 நவம்பரில் மில்வாக்கி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1919 பிப்ரவரியில் நீதிபதி கெனசா லாண்டிஸ் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார். பெர்கர் மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே வந்தார்.

உங்கள் சபையால் அந்த மேல்முறையீடு முடியும்வரை பொறுக்க முடியவில்லை. அவர் எதிரிக்கு உதவியவர் என்று அந்த 3ஆவது பிரிவைக் காட்டி, 1919 நவம்பர் 10 அன்று அவருக்கு இடமில்லை என்று வாக்களித்தீர்கள். எதிர்த்தவர் ஒரே ஒருவர், அதே விஸ்கான்சினைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர் எட்வர்ட் வாய்ட். அந்தத் தனி ஆளை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது. டிசம்பரில் இடைத்தேர்தல். பெர்கரைத் தோற்கடிக்க இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து ஒரே வேட்பாளரை நிறுத்தின. பெர்கர் முன்னைவிட அதிக வாக்கு வாங்கி ஜெயித்தார். ஜனவரியில் மறுபடியும் கதவைச் சாத்தினீர்கள். இந்த முறை எதிர்த்தவர்கள் ஆறு பேர். 1921 மார்ச் வரை அந்தத் தொகுதிக்கு உறுப்பினரே கிடையாது.

1921 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஜெர்மானிய வம்சாவளியினர்மீது வெளிப்படையாக வெறுப்பைக் கொட்டிய லாண்டிஸ் அந்த வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்றது. பிறகு அரசாங்கமும் வழக்கைக் கைவிட்டது. 1922இல் பெர்கர் மறுபடி வென்றார். 1923இல் அதே சபை அவரை உட்கார வைத்தது. சட்டப் பிரிவு மாறவில்லை, ஆளும் மாறவில்லை.

அவரை மகான் ஆக்கச் சொல்லவில்லை. கறுப்பின மக்கள் கீழான இனம் என்று 1902இல் எழுதியவர் அவர். ஆசியக் குடியேற்றத்தைத் தடுக்க வேண்டும் என்று கட்சிக்குள் வாதாடியவர். அவர் நினைத்தபடி நடந்திருந்தால் என்னைப் போன்றவர்கள் உங்கள் துறைமுகத்தில் கால்வைத்திருக்கவே முடியாது. அதை மறைத்து அவருக்கு விழா எடுத்தால் அதுவும் பொய்தான். ஆனால் அந்த இடம் பெர்கரின் சொத்து அல்ல, மில்வாக்கி வாக்காளர்களுடையது.

வயது, குடியுரிமை, வசிப்பிடம் ஆகிய தகுதிகள் உள்ள ஒருவரைச் சபை தன் விருப்பப்படி தடுக்க முடியாது என்று 1969இல், உங்கள் சபை இடம் மறுத்த ஆடம் கிளேட்டன் பவல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சரி. உட்கார வைத்தபின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் வெளியேற்றும் வழியும் உங்களிடம் இருக்கிறது. பெர்கர் விஷயத்தில் அந்த மூன்றில் இரண்டு பங்கு சுலபமாகக் கிடைத்திருக்கும் என்பதுதான் என் கவலை. ஆகவே உங்கள் விதிகளில் இதையும் சேருங்கள்: தேர்ந்தெடுக்கப்பட்டவரின் குற்றவழக்கு மேல்முறையீட்டில் இருக்கும்போது, அந்தத் தீர்ப்பை மட்டும் காட்டி அவருடைய இடத்தைப் பறிப்பதில்லை, மேல்முறையீடு முடியும்வரை அவர் உட்கார்ந்து வாக்களிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் வரலாற்றைப் படித்துவரும் ஒரு தமிழ் வாசகர்